ஆக்ஸ்போர்டில் ஒரு விசாரணை

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு தாசில்தார் இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தெருவுக்கு அவர் தாசில்தார்தான். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் சரி, மாடு வேலி தாண்டிவிட்டாலும் சரி, அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு விசாரணை நடந்தே தீரும்.

நான் இங்கிலாந்துக்குப் புறப்படுகிற செய்தி எட்டியதும் ஆள் விட்டு அழைத்தார்.

"தம்பி! நம்ம பேத்திக்கு அந்த ஊர் யுனிவர்சிடி ஒண்ணிலே இடம் கொடுத்திருக்காங்க. என்ன பாடம் தெரியுமா? 'கிளாசிக்கல் சிவிலிசேஷன்'! பழைய கிரேக்கன், ரோமன் சமாசாரம். அவங்க அப்பன் கம்ப்யூட்டர் படின்னு தலைப்பாடா அடிச்சுக்கிறான். இவ கேட்க மாட்டேங்கிறா. சம்பளம் கட்டணும்னா ஊரிலே இருக்கிற ரெண்டு ஏக்கர் நஞ்சையைத்தான் விக்கணும். நீங்க நேரே போய் விசாரிச்சுட்டு வாங்க. அதைப் படிச்சா என்ன உத்தியோகம் கிடைக்கும்? எனக்கு ரிப்போர்ட் வேணும்."

கதவுக்குப் பின்னால் பேத்தி நின்றிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வையில், 'நீங்களாவது சரியாக விசாரியுங்கள்' என்ற வேண்டுகோள் இருந்தது.

ஆகவே, வாசகர்களே, இது வெறும் பிரயாணக் கட்டுரை அல்ல. இரண்டு ஏக்கர் நஞ்சையும் ஒரு பெண்ணின் ஆசையும் சம்பந்தப்பட்ட விசாரணை அறிக்கை. சாட்சிகளை ஒவ்வொருவராக அழைக்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

பேத்திக்கு இடம் கிடைத்தது வேறோர் ஊரில். ஆனால் இந்தப் படிப்பின் பிறந்தகம் எது என்று கேட்டால் ஆக்ஸ்போர்டைத்தான் காட்டுவார்கள். லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1096-ஆம் ஆண்டிலேயே இங்கே பாடம் நடந்ததற்குச் சான்று உண்டு என்கிறார்கள். நம் முதற் குலோத்துங்க சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது.

ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். 'பிராட் ஸ்ட்ரீட்' என்ற அகலமான வீதிக்கு வந்ததும் ஒரு வளைந்த மதில். மதிலின் தூண்கள்மேல் தாடி வைத்த கல் தலைகள் வரிசையாக முறைத்துப் பார்க்கின்றன. அதற்குள் இருப்பதுதான் ஷெல்டோனியன் மண்டபம். கிறிஸ்டபர் ரென் என்ற சிற்பி 1664-லிருந்து 1669 வரை கட்டியது. பட்டமளிப்பு விழா நடப்பது இங்கேதான். இன்றைக்கும் அந்தச் சடங்கை லத்தீனிலேதான் நடத்துகிறார்கள்! ரசாயனம் படித்தவனும் சரி, கம்ப்யூட்டர் படித்தவளும் சரி, லத்தீன் கேட்டுத்தான் பட்டதாரி ஆக வேண்டும். கல்யாண மந்திரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்குப் புரியாது. ஆனால் அது இல்லாவிட்டால் கல்யாணம் நடந்ததாகத் தோன்றாது.

கிரேக்க, ரோமானியப் படிப்புக்கு இந்த ஊரில் ஒரு வாய் நிறைந்த பெயர் உண்டு: 'லிட்டரே ஹ்யூமானியோரெஸ்'. மனிதத் தன்மையை வளர்க்கும் கல்வி என்று பொருள் சொல்லலாம். செல்லப் பெயர் 'கிரேட்ஸ்'. மற்றப் படிப்புக்களில் பல மூன்று வருஷத்தில் முடிய, இதற்கு நான்கு வருஷம். இலியட் எழுதிய ஹோமர், ஈனியட் எழுதிய வர்ஜில், பிளேட்டோவின் தத்துவம், ஏதென்ஸின் யுத்தங்கள், ரோமாபுரியின் சட்டதிட்டங்கள், சிற்பம், கல்வெட்டு எல்லாம் இதற்குள் அடக்கம்.

தாசில்தார் பேத்தியின் 'கிளாசிக்கல் சிவிலிசேஷன்' இதற்குத் தங்கை முறை. அதே பழைய உலகந்தான். ஆனால் கிரேக்கமும் லத்தீனும் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே நூல்களைப் படிக்கலாம். இஷ்டப்பட்டால் மொழியையும் கற்கலாம்.

முதல் சாட்சி: ஒரு மார்க்குப் பட்டியல்

அதே பிராட் ஸ்ட்ரீட்டில் பேலியல் கல்லூரி இருக்கிறது. இங்கே பெஞ்சமின் ஜோவெட் என்ற கிரேக்கப் பண்டிதர் இருந்தார். பிளேட்டோவை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1870-லிருந்து 1893-ல் இறக்கும் வரை கல்லூரியின் தலைவர்.

நம் கேள்விக்கு இவரிடம் ஒரு சுவாரசியமான பதில் கிடைக்கிறது. இந்திய சிவில் சர்வீஸ் பதவிகளுக்குப் பரீட்சை வைத்து ஆள் எடுக்க வேண்டும் என்று மெக்காலே தலைமையில் ஒரு குழு 1854-ல் யோசனை சொன்னதல்லவா? அந்தக் குழுவில் ஜோவெட்டும் ஓர் அங்கத்தினர். குழு வகுத்த மார்க்குப் பட்டியலைப் பாருங்கள். மொத்தம் 6,875 மார்க்கு. அதில் கிரேக்கத்துக்கு 750. லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375. அரபு மொழிக்கு 375. தமிழுக்கு? பட்டியலிலேயே இல்லை!

திருநெல்வேலிக்குக் கலெக்டராகப் போகிறவருக்கு ஹோமர் தெரிந்திருந்தால் 750 மார்க்கு வரை கிடைக்கும். தாமிரபரணிக் கரையில் பேசுகிற பாஷை தெரிந்திருந்தால் ஒரு மார்க்கும் கிடையாது. சத்யேந்திரநாத் தாகூர் 1863-ல் முதல் இந்தியராக அந்தப் பரீட்சையில் தேறினார் என்றால், எவ்வளவு பெரிய மதிலைத் தாண்டிக் குதித்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

'கிரேக்கம் படித்தால் உத்தியோகம்' என்பது ஒரு காலத்தில் கண்கூடான உண்மைதான். ஆனால் அந்த உத்தியோகத்தைக் கொடுத்தது கிரேக்கம் அல்ல, மார்க்குப் பட்டியல். பட்டியலைத் தயாரித்தவர்கள் தாங்கள் படித்ததற்கே அதிக மார்க்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த மதில் மெள்ள மெள்ள இடிந்தது. எந்தப் பாடம் படிக்க வந்தாலும் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆக்ஸ்போர்டு விதி 1920-ல் போயிற்று. பெண்களுக்கு ஆக்ஸ்போர்டு பட்டம் கொடுக்கத் தொடங்கியதும் அதே 1920-ல்தான். லத்தீன் கட்டாயம் 1960-ல் நீங்கியது. உத்தியோகத்துக்காகவும் கட்டாயத்துக்காகவும் படித்தவர்கள் எல்லாரும் விலகிப் போன பிறகு, மிச்சம் இருப்பவர்கள் எதற்காகப் படிக்கிறார்கள்? அதுதான் நான் விசாரிக்க வேண்டிய கேள்வி என்று தோன்றியது.

இரண்டாம் சாட்சி: தோற்றுப் போன மாணவர்

பிராட் ஸ்ட்ரீட்டின் மேற்குக் கோடியில் வலப்புறம் திரும்பினால், கொஞ்ச தூரத்தில் ஸெயிண்ட் கைல்ஸ் வீதி. இரண்டு பக்கமும் மரங்கள். அங்கே ஸெயிண்ட் ஜான்ஸ் கல்லூரி. 1877-ல் இங்கே ஹௌஸ்மன் என்ற பையன் கிரேட்ஸ் படிக்க வந்தான். 1879-ல் முதல் கட்டப் பரீட்சையில் முதல் வகுப்பு. 1881-ல் இறுதிப் பரீட்சை. அதில் அவன் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புக்கூட வாங்கவில்லை. அடியோடு தோற்றுப் போனான்!

அடுத்த வருஷம் லண்டனில் பேடன்ட் ஆபீஸில் குமாஸ்தா வேலை. பத்து வருஷம் அந்த வேலை. பகலெல்லாம் ஆபீஸ், மாலையில் பிரிட்டிஷ் மியூசியத்துப் படிப்பறை. யாரும் மார்க்குக் கொடுக்காத அந்த மாலை நேரங்களில், பழைய லத்தீன், கிரேக்கச் சுவடிகளில் பிரதி எடுத்தவர்கள் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக் கட்டுரைகள் எழுதினார். 1892-ல் அதே லண்டனில் யுனிவர்சிடி காலேஜ் அவரை லத்தீன் பேராசிரியராக அழைத்துக் கொண்டது. 1911-ல் கேம்பிரிட்ஜ் அழைத்தது. அவர் காலத்து லத்தீன் அறிஞர்களில் முதல் வரிசையில் வைத்து இன்றும் அவரைச் சொல்கிறார்கள். கவிஞராகவும் பெயர் வாங்கினார்.

'பார்த்தீர்களா, படிப்பு வீண்போகாது' என்று தாசில்தாரிடம் சொல்லலாமா? சொல்ல மாட்டேன். ஒரு ஹௌஸ்மனுக்கு எத்தனை குமாஸ்தாக்கள் குமாஸ்தாவாகவே இருந்துவிட்டார்களோ! அவரும் அந்தப் பத்து வருஷம் சாப்பிட்டது ஆபீஸ் சம்பளத்தில்தான். ஆனால் ஒன்று சொல்லலாம். பரீட்சை கைவிட்ட பிறகும் மனிதன் கைவிடாத பாடம் அது.

குப்பைமேட்டுப் பொக்கிஷம்

ஸெயிண்ட் கைல்ஸின் தென் கோடியில் ஆஷ்மோலியன் பொருட்காட்சிசாலை. 1683-ல் ஆரம்பமானது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. அதன் பின்புறத்துத் தெருவில் பழைய உலக ஆராய்ச்சிக்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. அங்கே ஆக்ஸிரிங்கஸ் என்ற எகிப்திய ஊரின் குப்பையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஆம், குப்பைதான்! கிரென்ஃபெல், ஹண்ட் என்ற இரண்டு ஆக்ஸ்போர்டு நண்பர்கள் 1896-ஆம் வருஷக் கடைசியில் அங்கே போய் மணல் மூடிய குப்பைமேடுகளைத் தோண்ட ஆரம்பித்தார்கள். மழையே இல்லாத பூமி. நைல் நதியின் வெள்ளமும் எட்டாத மேடு. அதனால் பாப்பைரஸ் என்ற நாணல் தாள்கள் மக்கிப் போகவில்லை. ஏறக்குறைய ஐந்து லட்சம் துண்டுகள்! 1898-ல் முதல் தொகுதியை அச்சிட்டார்கள். இதுவரை எண்பது தொகுதிகளுக்கு மேல் வந்தாகிவிட்டது. வேலை இன்னும் முடிந்தபாடில்லை.

தொலைந்து போயிற்று என்று நினைத்த ஸாஃபோவின் கவிதைத் துணுக்குகளும் மெனாண்டரின் நாடகப் பகுதிகளும் இந்தக் குப்பையில் கிடைத்தன. இந்தியக் கடற்கரையில் நடப்பதாக ஒரு கிரேக்கக் கேலி நாடகங்கூடக் கிடைத்தது. அதில் இந்தியர் பேசுகிற வார்த்தைகள் கன்னடமா, துளுவா, அல்லது வெறும் உளறலா என்று அறிஞர்களுக்குள் வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பையனின் கடிதம். ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன் எழுதியது. பையன் பெயர் தியோன். அப்பா அவனை விட்டுவிட்டு அலெக்ஸாண்டிரியா பட்டணத்துக்குக் கிளம்பிவிட்டார். பையனுக்கு ஆத்திரம். என்னை அழைத்துப் போகாவிட்டால் இனிமேல் உனக்குக் கடிதம் எழுத மாட்டேன், உன்னோடு பேச மாட்டேன், சாப்பிடவும் மாட்டேன் என்று எழுத்துப் பிழைகளோடு மிரட்டியிருக்கிறான்! உங்கள் வீட்டில் இப்படி ஒரு கடிதம் வந்ததில்லையா? சக்கரவர்த்திகளின் சாசனங்களைப் படிக்கப் பல பேர் இருக்கிறார்கள். இந்தப் பையன் சொல்வதைக் கேட்கவும் ஒருவர் வேண்டும். அதற்குக் கிரேக்கம் தெரிய வேண்டும், பொறுமையும் வேண்டும்.

மூன்றாம் சாட்சி: பஸ் டிரைவர் மகள்

ஆஷ்மோலியனில் ஒரு கூடம் முழுக்கக் கிரேக்க, ரோமானியச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள். தொள்ளாயிரத்துக்கும் குறையாது என்கிறார்கள். மூக்கு உடைந்த ஒரு வீரனுக்கு முன்னால் ஒரு பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் இருந்த சீட்டைப் பார்ப்பதும் கண்ணை மூடி முணுமுணுப்பதுமாக இருந்தாள். நம் ஊர்ப் பரீட்சை மாணவியேதான்!

பேச்சுக் கொடுத்தேன். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு பட்டணத்திலிருந்து வந்தவள். அப்பா பஸ் டிரைவர். நாளைக்குக் கிரேட்ஸின் கடைசிப் பரீட்சை.

"உங்கள் பள்ளிக்கூடத்தில் லத்தீன் இருந்ததா?"

"இல்லை. கிரேக்கமும் இல்லை. நூலகத்தில் ஹோமரை ஆங்கிலத்தில் படித்தேன். அதோடு சரி. இங்கே வந்துதான் பதினெட்டு வயதில் அரிச்சுவடி எழுதினேன். மொழி தெரியாமல் வருகிறவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. முதல் வருஷம் தினமும் அழுதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள் அகராதியைப் பார்க்காமல் நாலு வரி புரிந்தது. அதற்காகவும் அழுதேன்." சிரித்தாள்.

தாசில்தாரின் கேள்வியை அப்படியே அவளிடம் கேட்டேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "என் அப்பாவும் இதையேதான் கேட்டார்" என்றாள். கூடப் படித்தவர்களில் சிலர் வக்கீல் தொழிலுக்குப் போகிறார்களாம். சிலர் சர்க்கார் உத்தியோகம், சிலர் கணக்குத் துறை, ஒருவர் கம்ப்யூட்டர் கம்பெனி. அவள் பள்ளிக்கூட வாத்தியாராகப் போக விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை. சர்க்கார் கடனில் படித்திருக்கிறாள். கடன் அப்படியே இருக்கிறது.

"நாலு வருஷத்தில் என்னதான் கற்றுக்கொண்டீர்கள்?"

கொஞ்சம் யோசித்தாள். "வாராவாரம் கட்டுரை எழுதி ஆசிரியர் முன்னால் உட்கார வேண்டும். அவர், நானும் இன்னொரு மாணவரும், அவ்வளவுதான். 'இந்தச் சொல் உண்மையாகவே அங்கே இருக்கிறதா, நீயாகச் சேர்த்தாயா?' என்று கேட்பார். பெரும்பாலும் நானாகச் சேர்த்ததாகத்தான் இருக்கும். ஒருவர் சொன்னதைச் சரியாகக் கேட்காமல் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது. அதைக் கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்."

பிறகு அவளே சொன்னாள். சர்க்கார் பள்ளிக்கூடங்களில் லத்தீன் சொல்லித்தர 2022-ல் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். நாற்பது பள்ளிக்கூடங்கள் சேர்ந்தன. 2025 பிப்ரவரியில், பள்ளி வருஷத்தின் நடுவிலேயே, பணத்தை நிறுத்திவிட்டார்கள். "பணக்காரப் பள்ளிகளில் லத்தீன் நிற்கவில்லை. எங்களைப் போன்றவர்களின் பள்ளிகளில்தான் நின்றது" என்றாள். குரலில் சிரிப்பு இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். கறுப்பு இன மாணவர்களுக்கென்று ஏற்பட்ட புகழ்பெற்ற ஹோவர்ட் சர்வகலாசாலை, தன் கிரேக்க, லத்தீன் துறையை 2021-ல் கலைத்துவிட்டது. மதிலை இடித்து எல்லாரையும் உள்ளே விட்டார்கள். உள்ளே வந்தவர்கள் உட்காருவதற்குள் விளக்கை அணைக்கிறார்கள்!

ஒரே மண்ணில் இரண்டு பேர்

அன்று சாயங்காலம் வால்டன் தெருப் பக்கம் நடந்தேன். ஜூன் மாதம், ஒன்பது மணி வரை வெளிச்சம். ஒரு சந்துக்குள் ஸெயிண்ட் ஸெபல்கர் கல்லறைத் தோட்டம். புல் அடர்ந்து அமைதியாக இருக்கிறது. நம் ஜி. யு. போப் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

1839-ல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். 1884-லிருந்து ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். பேலியல் கல்லூரியின் குருவாகவும் இருந்தவர். கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறித்திருப்பதாக நாமெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். கல்லில் அந்த வார்த்தை இல்லை. ஆனால் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் அன்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்று எழுதியிருக்கிறது. எனக்கு அது இன்னும் மேலாகப் பட்டது.

அதே தோட்டத்தில்தான் ஜோவெட்டும் உறங்குகிறார். தமிழுக்கு இடமே வைக்காத மார்க்குப் பட்டியலில் கையெழுத்திட்ட அதே ஜோவெட்! திருவாசகத்தை மொழிபெயர்க்க வேண்டும், ஆனால் முடிக்கும் வரை உயிரோடு இருப்பேனோ என்று போப் தயங்கிய போது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி என்று தைரியம் சொன்னவரும் அவரேதான். ஜோவெட் 1893-ல் போய்விட்டார். போப் 1900-ல், தமது எண்பதாவது பிறந்த நாளன்று திருவாசக முன்னுரையில் தேதியிட்டார். அதற்குப் பிறகும் எட்டு வருஷம் வாழ்ந்தார்.

குழுவில் உட்கார்ந்திருந்தபோது ஜோவெட்டுக்குத் தமிழ் ஓர் எண்ணாகக்கூடத் தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு தமிழ் படித்தவர் நடந்து வந்தபோது காது கொடுத்துக் கேட்டார். பஸ் டிரைவர் மகள் சொன்னதும் அதுதானே?

மறுநாள் மத்தியானம் மெர்ட்டன் வீதியில் நின்றேன். பரீட்சை மண்டபத்தின் பின்வாசல் அங்கே. ஆக்ஸ்போர்டு மாணவர்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதுகிறார்கள். முதல் நாள் வெள்ளைக் கார்னேஷன் பூ, நடு நாட்களில் இளஞ்சிவப்பு, கடைசி நாள் சிவப்பு. சிவப்புப் பூவோடு அவள் வெளியே வந்தாள். தோழிகள் வண்ணக் காகிதத் துணுக்குகளை அவள் தலைமேல் வாரிக் கொட்டினார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர், கோட்டுப் பொத்தானை அவிழ்ப்பதும் போடுவதுமாக நின்றுகொண்டிருந்தார். அவள் ஓடிப்போய்ப் பூவைக் கழற்றி அவர் கோட்டில் குத்தினாள். பஸ் டிரைவர் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார்!

ஊர் திரும்பியதும் தாசில்தார் ஐயாவிடம் ரிப்போர்ட் கொடுத்தேன். உத்தியோகத்துக்கு உத்தரவாதம் இல்லை. கடனுக்கு உத்தரவாதம் உண்டு. படித்தவர்கள் பட்டினி கிடப்பதாகத் தெரியவில்லை. படித்ததற்காக வருத்தப்பட்ட ஒருவரையும் நான் பார்க்கவில்லை. பிறகு அந்த எகிப்துப் பையனின் கடிதத்தைச் சொன்னேன். பெரியவர் சிரித்துவிட்டார்.

"சாப்பிட மாட்டேன்னு இவளும் ரெண்டு நாள் இருந்தாளே, தம்பி!"

நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டார். "நஞ்சையை விக்க மாட்டேன். அது உங்க பாட்டி பேரிலே இருக்கு. ஆனா ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடு. பாரத்தைக் கொண்டா, நான் ஒரு தடவை பார்க்கிறேன். தாசில்தார் ஆபீஸிலே முப்பது வருஷம் பாரம் பார்த்தவன்."

பாரம் தபாலில் போய்விட்டது. இன்னும் பதில் வரவில்லை. வந்ததும் உங்களுக்கும் எழுதுகிறேன்.